காசு கொடுத்தவரை விட்டுவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ்த் தலையங்கத்தில், 'ஐந்நூறு ரூபாய்க்கு ஓட்டை விற்கும் ஏழைகள் திருந்தாதவரை தேர்தல் திருந்தாது' என்று எழுதியிருந்தீர்கள். பல வருடங்களாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவள் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனது ஆறவே இல்லை.

காசு வாங்குவது தப்புதான், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கொடுப்பதும் அதே குற்றம், இரண்டுக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததா? 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர். பணம் பாய்ந்தது என்றுதானே தேர்தலையே நிறுத்தினார்கள்? அப்போதெல்லாம் அட்டைப்படக் கட்டுரை போட்டீர்கள். சரி, அப்புறம் அந்த வழக்குகள் என்ன ஆயின, கொடுத்தவர்களில் யாருக்குத் தண்டனை கிடைத்தது என்று ஒரு தடவையாவது தொடர்ந்து விசாரித்து எழுதினீர்களா?

நான் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக வேலை பார்த்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வராத பள்ளிக்கூடத்தில் முந்தின நாள் இரவே தங்கி, விடிவதற்குள் எழுந்து, ஏஜெண்டுகள் முன்னால் ஐம்பது ஓட்டாவது மாதிரிக்குப் போட்டு, எண்ணிக் காட்டி, அதை அழித்து, மெஷினுக்கு சீல் வைப்போம். ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் முதலில் நிற்பது யார்? நீங்கள் திட்டிய அதே ஏழைகள்தான். வேலைக்குப் போகும் முன் போட்டுவிட்டுப் போக வருகிறவர்கள்.

ஒரு தேர்தலில் சித்தாள் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் வந்தார். சிமெண்ட் அரித்து வெடித்துப்போன விரல்கள். அவர் பெயரில் அதற்குள் வேறு யாரோ ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். விரலில் மை இல்லை, கையில் அட்டை சரியாக இருக்கிறது. இப்படி நேர்ந்தவர்களுக்கென்றே இருக்கும் தேர்தல் விதி 49-பி-யின்படி (ஆங்கிலத்தில் 49P) அவருக்கு மெஷினுக்குப் பதிலாகக் காகித வாக்குச்சீட்டு கொடுத்தேன். முத்திரை குத்தி மடித்துத் தந்தவர், நான் அதைத் தனி உறையில் வைப்பதைப் பார்த்துவிட்டு, "இதை எண்ணுவாங்களா டீச்சர்?" என்று கேட்டார். கோர்ட் உத்தரவு போட்டால்தான் எண்ணுவார்கள் என்று அந்த முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர் அவர். தினக்கூலிக்காரர்களுக்கும் தேர்தல் நாளில் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டத்தில் இருக்கிறது. எந்த மேஸ்திரி கொடுக்கிறார்?

தேர்தல் நடத்துகிற எங்களைப் போன்றவர்கள் தபாலில் போட்ட ஓட்டுக்கே என்ன மரியாதை? 2016-ல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. தலைமை ஆசிரியர் சான்றொப்பம் இட்டது செல்லாது என்று 203 தபால் ஓட்டுகளைத் தள்ளினார்கள். எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போடவே 2019 ஆகிவிட்டது. எண்ணியும் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது.

அப்புறம், உங்கள் சென்னை. 2021-ல் தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஓட்டு விழுந்தபோது சென்னை அறுபதைக்கூட எட்டவில்லை. அந்தத் தேர்தலில் தியாகராய நகரில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடையே 137 ஓட்டுதான். வீட்டை விட்டு வெளியே வராத படித்தவர்களைப் பற்றி உங்கள் தலையங்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. கூலியை விட்டு வந்து நின்றவர்கள்தான் உங்கள் கண்ணுக்குக் குற்றவாளிகளா?

மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. தேர்தலுக்கு முன் வரும் இதழ்களில் கால் பக்கம் ஒதுக்குங்கள், போதும். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, பெயர் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறினால் படிவம் 8, தன் ஓட்டை வேறொருவர் போட்டிருந்தால் 49-பி கேட்கலாம் என்பதையெல்லாம் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். வயதானவர்களும் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருச்சி மாவட்டம்