இணைத்தும் வந்து சேராத உதவித்தொகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை முடிந்து உதவித்தொகை விண்ணப்பங்கள் தொடங்கும் இந்த நேரத்தில், வேலூர் மாவட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் தடுக்கி விழும் ஓர் இடத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாக அதிகாரிகளின் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு, குடியாத்தத்தில் என் வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று என்று இ-சேவை மையத்துக்கு நடப்பது எல்லாருக்கும் பழகிவிட்டது. விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகும் பணம் வராமல் போவதும், ஏன் வரவில்லை என்று சொல்ல ஆளில்லாமல் போவதும்தான் இன்னும் பழகவில்லை.

சென்ற ஆண்டு, தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரின் மகள் தன் வங்கிப் புத்தகத்துடன் வந்தாள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் இளங்கலை முதலாண்டு சேர்ந்தவள். 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறத் தகுதியுள்ளவள். அவளுடைய தோழிகளுக்கு வருகிறது, இவளுக்கு ஏழு மாதமாக வரவில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில், புகைப்படத்துக்குக் கீழே, 'ஆதார் இணைக்கப்பட்டது' என்று ஊதா மையில் முத்திரை குத்தியிருந்தது. அந்த முத்திரையைக் காட்டிக் காட்டியே மூன்று முறை கல்லூரி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடந்திருக்கிறாள்.

அந்த முத்திரை பொய்யில்லை; ஆனால் அவளுக்குத் தேவைப்பட்டது அதுவுமில்லை. கணக்கு வைத்திருப்பவர் இன்னார் என்று உறுதிசெய்ய ஆதார் எண்ணை வங்கி பதிவுசெய்வது ஒன்று. அரசு தரும் பணம் இந்த வங்கிக்கே வரவேண்டும் என்று நாம் ஒப்புதல் எழுதிக் கொடுத்து, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பட்டியலில் நம் ஆதார் எண்ணுக்கு எதிரே அந்த வங்கியின் பெயரை ஏற்றுவது மற்றொன்று. பட்டியலில் ஒருவருக்கு ஒரு வங்கிதான் இருக்க முடியும். கடைசியாக எது ஏற்றப்பட்டதோ அதற்கே பணம் போகும். ஆதார் வழியாக அனுப்பப்படும் தொகைக்கு, விண்ணப்பத்தில் நாம் கவனமாக எழுதும் கணக்கு எண் வழிகாட்டுவதில்லை. இரண்டு காரியங்களையும் 'இணைப்பு' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் வந்த வினை இது.

அந்தப் பட்டியலில் எந்த வங்கி இருக்கிறது என்று அறிய, அவள் அம்மாவின் பொத்தான் போனில் *99*99*1# அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்துப் பார்த்தோம். திரையில் வந்தது வேறொரு வங்கியின் பெயர். ஒன்பதாம் வகுப்பில் உதவித்தொகைக்காகப் பள்ளியில் வைத்தே தொடங்கப்பட்ட கணக்கு அது. வீட்டில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஏழாயிரம் ரூபாயும் அங்கேதான் கிடந்தது. அவளுக்கு 18 வயது நிறைந்தபின் புதிய கையெழுத்தும் அடையாள ஆவணங்களும் கொடுக்காததால் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பிள்ளைப் பருவத்தில் தொடங்கிய கணக்குகளுக்கு இது விதிதான், வங்கியைக் குறை சொல்ல முடியாது. பணம் கிடக்கிறது என்று அவளுக்கு ஒருவரும் தெரிவிக்கவில்லை என்பதே என் குறை. உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்குகளை, இரண்டாண்டுக்கு மேல் வரவுசெலவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் செயலற்றவையாக வகைப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியிருப்பதையும் பெற்றோர் அறிந்து வைத்திருப்பது நல்லது.

மாதம் 1,000 ரூபாய் தவறினால் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் இடிக்கும். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை தவறினால் படிப்பே நின்றுவிடும். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான அத்திட்டத்தில், மத்திய அரசின் பங்கான 60 விழுக்காடு 2021-22 முதல் மாணவரின் கணக்குக்கே நேரடியாக அனுப்பப்படுகிறது. கணக்கில் கோளாறு என்றால் கல்லூரிக் கட்டணமே பாக்கி விழும். பழங்குடி மாணவர்களுக்கான திட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. அணைக்கட்டு வட்டத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாணவனுக்கு எந்த வங்கியுமே பட்டியலில் ஏறியிருக்கவில்லை. உதவித்தொகை இணையதளத்தில் அதைச் சொன்னது ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அதைத் தன் விண்ணப்பமே தள்ளுபடியாகிவிட்டது என்று புரிந்துகொண்டு, கட்டணத்துக்காகக் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தான்.

இது வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்த நாளில் நானும் உதவித்தொகையில் படித்தவன்தான். கல்லூரி அலுவலகத்தில் வரிசையில் நின்று, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டுப் பணத்தை எண்ணி வாங்குவோம். தாமதமும் உண்டு, சில இடங்களில் கையூட்டும் உண்டு. அந்த முறை திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் பட்டியலில் பெயர் இல்லையென்றால், ஏன் இல்லை என்று அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர், எரிந்து விழுந்தாவது, சொல்லிவிடுவார்.

மாவட்ட நிர்வாகமும், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கியும் இந்தக் கல்வியாண்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. உதவித்தொகைக்குரிய மாணவர் எந்த வங்கியில் பணம் பெறுவார் என்பதைச் சேர்க்கையின்போதே கல்லூரியில் சரிபார்த்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாணவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. திருத்தம் தேவைப்படுவோருக்காக, ஒப்புதல் படிவங்களுடன் வங்கி அலுவலர்கள் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாளாவது அரசு, உதவிபெறும் கல்லூரிகளுக்கு வரவேண்டும். மலைக் கிராம மாணவர்களுக்கு ஒடுகத்தூரில் தனியே ஒரு முகாம் வைக்கலாம். அதே முகாமில் ஆதாரில் உள்ள கைப்பேசி எண்ணை மாற்றவும் வசதி வேண்டும். எண் மாறிப்போய் ஓடிபி வராமல் நிற்பவர்களே பாதிப்பேர். வங்கிகள் தங்கள் முத்திரையில் 'ஆதார் இணைக்கப்பட்டது' என்பதோடு நிறுத்தாமல், 'அரசு உதவி இக்கணக்கில் வரவு வைக்கப்படும்' என்றோ 'வரவு வைக்கப்படாது' என்றோ தமிழில் தெளிவாகக் குறிக்க வேண்டும். மாவட்ட வங்கியாளர்களின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுபொருளாக வைக்குமாறு மாவட்ட ஆட்சியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.