மாத்திரை கொடுத்து அனுப்பப்படும் காய்ச்சல்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிகளில் நோய் பரவும்போதெல்லாம் கை கழுவச் சொல்கிறோம். நோயுற்ற பிள்ளை எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்வது குறைவு.

காலையில் பாரசிட்டமால் கொடுத்தால் சூடு தணியும். கிருமி அப்படியேதான் இருக்கும். நான்கைந்து மணி நேரத்தில் மருந்தின் வேகம் குறைந்து காய்ச்சல் திரும்பும்போது, பிள்ளை வகுப்பில் எல்லோரோடும் நெருங்கி உட்கார்ந்திருக்கும். மருந்தே இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமலிருந்தால் மட்டுமே அனுப்ப வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் முழுவதும் நின்றபின் 48 மணி நேரம். சின்னம்மையில் கொப்புளங்கள் எல்லாமே காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். தட்டம்மையில் தடிப்பு தோன்றியபின் நான்கு நாள், பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் தொடங்கியபின் ஐந்து நாள். காய்ச்சலில்லாத வெறும் மூக்கொழுகலுக்குப் பிள்ளையை நிறுத்தத் தேவையில்லை.

இந்தக் கணக்கைப் பள்ளி நாட்குறிப்பின் முதல் பக்கத்திலேயே அச்சிடலாம். ஒரு நாளும் விடுப்பு எடுக்காததற்குத் தரும் பரிசைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சுருண்டு படுக்க வேண்டிய பிள்ளையை வகுப்புக்கு இழுத்து வருவது பல நேரம் அந்தப் பரிசுதான்.

வகுப்பில் யாராவது வாந்தி எடுத்தால் துடைப்பத்தால் தள்ளக் கூடாது. துளிகள் தெறித்துப் பரவும். மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, உறிஞ்சும் தாளால் மூடி அள்ளி, பையில் கட்டிவிடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் தரையைத் துடைக்க வேண்டும். அழுக்கின் மேலேயே ப்ளீச் ஊற்றினால் அதன் குளோரின் அழுக்கிலேயே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சமிருக்காது. துடைத்த இடத்தில், 5 சதவீத ப்ளீச் திரவம் 20 மில்லியுடன் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கித் தடவி, பத்து நிமிடம் ஈரமாகவே விடவும். கரைசலை அன்றன்றைக்குத்தான் கலக்க வேண்டும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அது சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸ் சானிடைசருக்கு எளிதில் மடியாது. சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். ஆகவே தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைத்திருக்கும் சோப்பு, குழாயடிக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளிச் சுகாதாரப் பணியாளர்கள்