எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாச்சியின் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வாங்கினது ஞானஸ்நானமே இல்ல அம்மாச்சி, சும்மா தண்ணி தெளிச்சது. எங்க சபைக்கு வந்து முழுக்கு எடுங்க, அப்பத்தான் இரட்சிப்பு" என்று சொன்னபோது நான் அடுப்படியில் இருந்தேன். எண்பத்திரண்டு வயதுக்காரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொட்டியில வெந்நீ ஊத்துவாங்களாய்யா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு வரவில்லை.

அன்று வாதாட மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

'எங்களிடம் மட்டும்தான் உண்மை' என்பது உன் சபை கண்டுபிடித்த சரக்கு இல்லை, நம் கத்தோலிக்க வீட்டுப் பழைய சரக்குதான். 'திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை' என்று சொல்லித்தான் எங்கள் உபதேசியார் எங்களைப் பயமுறுத்துவார். அந்த வரி எங்கே பிறந்தது தெரியுமா?

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில். கி.பி. 250 வாக்கில் ரோமைப் பேரரசன் டேசியுஸ், எல்லோரும் ரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சீட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்துச் செத்தார்கள். பலர் பலியிட்டார்கள். சிலர் காசு கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள் (நானாக இருந்தால் இந்த வரிசையில்தான் நின்றிருப்பேன்). கெடுபிடி ஓய்ந்ததும் உள்வீட்டுச் சண்டை தொடங்கியது. சறுக்கினவர்களைத் திரும்பச் சேர்ப்பதா? கூடவே கூடாது என்றவர்கள் ரோமில் நொவாசியான் தலைமையில் பிரிந்து, தங்களுக்கென்று ஆயர்களை வைத்துக்கொண்டு ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். அப்புறம் அங்கே ஞானஸ்நானம் வாங்கின சிலர் இந்தப் பக்கம் வந்தபோது, மறுபடி கொடுக்க வேண்டுமா என்று கேள்வி.

கொடுக்கத்தான் வேண்டும், வெளியே வாங்கினது செல்லாது என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். அந்த வாதத்தில் எழுதியதுதான் உபதேசியார் சொன்ன வரி. ஒரு தடவை போதும் என்றார் ரோமில் போப்பாக இருந்த ஸ்தேவான். பின்னாளில் நம் சபை ஞானஸ்நானத்தில் ஸ்தேவான் சொன்னதைப் பிடித்துக்கொண்டது, வரியை மட்டும் சிப்ரியானிடமிருந்து எடுத்துக்கொண்டது. உன் பாஸ்டருக்குத் தெரியுமோ என்னவோ, அவர் இப்போது நிற்பது சிப்ரியான் பக்கம்.

திருநெல்வேலியில் அல்வாக் கடை போர்டு பார்த்திருப்பாய்: 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை'. அது எதிரே முறுக்கு விற்கிறவனுக்காக மாட்டியதா? அதே பெயரில், அதே அல்வாவைப் பக்கத்தில் விற்கிறவனுக்காக மாட்டியது. சிப்ரியான் வரியும் அப்படித்தான். ரோமைத் தெய்வம் ஜூபிட்டரைக் கும்பிட்டவனால் சபைக்கு ஆள் குறையவில்லை, அதே இயேசுவைச் சொல்லித் தனிக்கடை போட்டவனால்தான் குறைந்தது.

சிப்ரியானை நான் கேலி செய்யவில்லை. 258இல் பலியிட மறுத்து அவர் தலையைக் கொடுத்தார். எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தால், ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். உயிர் போகிற நேரத்தில் 'இது மட்டும்தான்' என்கிற பிடி மனிதனுக்குத் தேவைப்படுகிறது போலும். பிடித்தவர் கையில் அதிகாரம் வந்த பிறகுதான் சிக்கல். 1302இல் போப் எட்டாம் போனிஃபாஸ், போப்புக்குக் கீழ்ப்படியாத எவருக்கும் மீட்பு இல்லை என்று அறிவித்தார். அவருக்கும் பிரான்ஸ் அரசனுக்கும் தகராறு ஆரம்பித்தது எதில் தெரியுமா? குருக்களிடம் அரசன் வரி வாங்கலாமா என்பதில்.

இன்னொரு ஆள், அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து லெனார்ட் ஃபீனி, இயேசு சபைக் குரு. கத்தோலிக்கர் அல்லாதவருக்கு மீட்பே கிடையாது என்று அடித்துப் பேசினார். நீ அந்த வரியைப் புரிந்துகொண்ட விதம் தப்பு என்று 1949இல் ரோம் சொன்னது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. 1953இல் அவரையே சபைக்கு வெளியே தள்ளினார்கள். வெளியே மீட்பில்லை என்றவர் வெளியே! 1972இல் சமாதானம் ஆனது.

நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. ஞாயிறு பூசைக்குப் போகிறேன், நன்மை (நற்கருணை) வாங்குகிறேன். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. ஆனால் அம்மாச்சி அறுபது வருஷமாகத் தினமும் உருட்டுகிற ஜெபமாலையைச் செல்லாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. உனக்கு எப்படி வந்தது என்றுதான் கேட்கிறேன்.

சாயங்காலக் கூட்டம் முடிந்ததும் வந்துவிடு. போன தடவை நீ கொடுத்த முட்டுத் தைலம் தீர்ந்துவிட்டதாம், அதையே வாங்கி வரச் சொன்னாள். தொட்டி விஷயத்தையும் இன்னொரு தடவை விசாரித்தாள்.

அன்புடன்,
மாமா