2012-இல் எல்லாம் முடிந்துவிட்டதாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மலரில் வந்த மலேசியப் பத்திரிகைச் சுதந்திரக் கட்டுரையின் நடுவே, இதழ் வெளியிட அரசு தரும் அனுமதியான பெர்மிட்டைப் பற்றி ஒரு வரி: "2012-இல் ஆண்டு பெர்மிட் ஒழிந்ததோடு அரசின் பிடியும் போய்விட்டது." போய்விட்டதாம்! தங்கள் தாளின் அடியில் அச்சிட்டவர் பெயரும் முகவரியும் பெர்மிட் எண்ணும் பொடி எழுத்தில் கிடக்கின்றனவே, அவை எதற்கு என்று அந்த வரியைத் திருத்தியவருக்காவது தோன்றியிருக்கலாம்.

1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தில் 2012-இல் நடந்தது இவ்வளவுதான். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொல்லை நீங்கியது. அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் கேட்கக்கூடாது என்று 1987-இல் போட்ட பூட்டு திறந்தது. இரத்து செய்யுமுன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும் என்றானது. நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பெர்மிட் பெர்மிட்டாகவே இருக்கிறது. அதை நிறுத்தி வைக்கும் கை உள்துறை அமைச்சருடையதுதான். 2015 ஜூலையில் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் ஊழலைப் பற்றிய செய்திகளுக்காக 'தி எட்ஜ்' வார இதழுக்கும் அதன் நிதி நாளிதழுக்கும் மூன்று மாதத் தடை போட்டது, இந்தப் 'போய்விட்ட' பிடியேதான். செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளியது. அதற்குள் ஏறக்குறைய எட்டு வாரம் போயிற்று. அந்த விளம்பரப் பணத்தை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

கட்டுரையாளர் அச்சகப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சட்டம் கேட்பது இரண்டு அனுமதி: இதழ் நடத்துபவருக்குப் பெர்மிட், அச்சு இயந்திரம் வைத்திருப்பவருக்குத் தனியாக லைசென்ஸ். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தின் 8ஏ பிரிவைப் படித்தாரா? தீய நோக்கத்தோடு பொய்ச் செய்தி வெளியானால் குற்றவாளிகள் வரிசையில் எழுதியவர் கடைசி ஆள். முதல் ஆள் அச்சிட்டவர்! செய்தியைச் சரிபார்க்க நியாயமான முயற்சி எடுத்ததற்குச் சான்று காட்டாவிட்டால், தீய நோக்கம் இருந்ததாகவே கொள்ளப்படும்.

தமிழ் மாத இதழைச் சீன முதலாளியின் அச்சகத்துக்குக் கொண்டுபோனவர்களைக் கேளுங்கள். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. தெரியாத எழுத்துக்கு அவர் ஏன் சிறை போகவேண்டும்? அட்டையில் ஓர் அமைச்சரின் முகம் தெரிந்தால் போதும், "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்பார். பிறகு "மெஷின் காலியில்லை" என்பார். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

நாளிதழில் இது இன்னும் கொடுமை. வண்ணப் பக்கம் ஒன்றுக்கு நான்கு பிளேட் (அச்சுத் தகடு), நிறத்துக்கு ஒன்று: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இரவு பதினொரு மணிக்கு மேல் "அதை எடுத்துவிடுங்கள்" என்று அழைப்பு வந்தால், எழுத்து மட்டும் போகவேண்டுமானால் கறுப்பு பிளேட்டை மாற்றினால் போதும். படமும் போகவேண்டுமானால் நான்கையும் கழற்றவேண்டும். புதியவற்றை மாட்டி, நிறத்தின்மேல் நிறம் ஒழுங்காக உட்காரும்வரை ஓடுகிற தாளெல்லாம் கழிவு. கெடாவுக்கும் பெர்லிசுக்கும் போகும் லோரி வாசலில் நிற்கும். ஒருமுறை இதை அனுபவித்தவர் அடுத்த முறை அந்தச் செய்தியை மாலை ஆறு மணிக்கே பக்கத்தில் வைக்கமாட்டார். 2014-இல் இங்கே அச்சான இன்டர்நேஷனல் நியூயார்க் டைம்சில் வந்த படத்தில் பன்றிகளின் முகத்தில் கறுப்பு மை பூசப்பட்டதே, அதைச் செய்தது அச்சகம்தான். பயம் ஊறிப்போனால் உத்தரவு எதற்கு?

இதோடு இன்னொன்று. தடை என்றாலே தங்கள் கட்டுரையாளர்கள் 1987 ஒப்பராசி லாலாங் கைது நடவடிக்கையையும் அப்போது மூடப்பட்ட தாள்களையும் சொல்வார்கள்: ஸ்டார், சின் சியூ, வத்தான். சரிதான், பினாங்கில் 1971-இல் பிறந்து, நாட்டின் முதல் பிரதமர் துங்கு பத்தி எழுதிய ஸ்டாரையே மூட முடிந்ததே என்ற திகைப்பு இந்த ஊரில் இன்னும் போகவில்லை. ஆனால் 2007 ஆகஸ்டில் 'மக்கள் ஓசை' தமிழ் நாளிதழ் ஒரு மாதம் நிறுத்தப்பட்டதை ஒருவரும் எழுதுவதில்லை. அது வெளியிட்ட இயேசு படம் ஒன்றில் சிகரெட்டும் பியர் டின்னும் இருந்தது பிழைதான். தாள் மன்னிப்பும் கேட்டது. கேட்ட பிறகும் தடை. நாடு சுதந்திரப் பொன்விழா கொண்டாடிய ஆகஸ்ட் 31 அன்று அந்தத் தாள் கடையில் இல்லை. தமிழ்த் தாளே தமிழ்த் தாளை மறந்தால் வேறு யார் நினைப்பார்கள்? 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019 ஜனவரியோடு நின்றபோதும் தங்களுக்கு ஒற்றைப் பத்திதான் இடம் கிடைத்தது; பக்கத்திலேயே நகைக்கடை விளம்பரம் அரைப் பக்கம்.

2025-இல் நாடாளுமன்றம் ஊடக மன்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1984 சட்டம் அதனால் போய்விடவில்லை. இதையும் 'போய்விட்டது' என்று எழுதிவிடாதீர்கள்.

கேட்பது சிறியது. அந்த வரிக்குத் திருத்தம் வேண்டும். வழக்கம்போல மரண அறிவிப்புகளுக்குக் கீழே எட்டுப் புள்ளி எழுத்தில் வேண்டாம். கட்டுரை வந்த ஞாயிறு மலரில், அதே பக்கத்தில், கட்டுரை எழுத்தின் அளவிலேயே போடுங்கள். இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், 8ஏ பிரிவை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
அச்சகத் தொழிலாளி (ஓய்வு),
ஜார்ஜ்டவுன், பினாங்கு