அரிசி களைந்த தண்ணீரும் ப்ளோவரின் மின்கட்டணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் செனோக்கோவில் இட்லி, தோசை மாவு அரைக்கும் ஆலை ஒன்றில் கழிவுநீர்ப் பகுதியைப் பார்த்துக்கொள்வது 14 ஆண்டுகளாக என் வேலை. அரிசி களைந்த நீர், உளுந்து ஊறிய நீர், கிரைண்டர் கழுவிய நீர் எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். ஊரில் என் அப்பாயி இந்தத் தண்ணீரைக் கீழே ஊற்ற விடமாட்டார். கழுநீர்ப் பானை நிறைந்ததும் மாட்டுக்குப் போய்விடும். இங்கே அதே தண்ணீரைச் சுத்தம் செய்ய மாதாமாதம் பணம் கட்டுகிறோம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகள், சென்ற மாதம் ஒரு செயல்திட்டத்துக்காக என்னிடம் உளுந்து ஊறல் நீரும் எங்கள் தொட்டியின் அடிச்சேறும் கேட்டு வாங்கிப் போனாள். செய்தது நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம். காற்றுப் புகாத டப்பாவுக்குள் சேறு, ஊறல் நீர், ஒரு துண்டு கார்பன் துணி. இன்னொரு துண்டு வெளிக்காற்று படும்படி டப்பாவின் ஓரத்தில். இரண்டையும் இணைக்க ஒரு கம்பி. சேற்றிலுள்ள சில பாக்டீரியாக்கள் மாவுச்சத்தை உடைத்து அமிலமாக்குகின்றன. வேறு சில அந்த அமிலத்தைத் தின்றுவிட்டு எலக்ட்ரான்களைத் துணியில் இறக்கிவிடுகின்றன. அவை கம்பி வழியாக மறுபக்கம் போய் ஆக்சிஜனைச் சேர்கின்றன, அங்கே வெறும் தண்ணீர் உண்டாகிறது. முதல் நான்கு நாள் மீட்டர் அசையவே இல்லை. ஒன்பதாம் நாள் 0.4 வோல்ட் காட்டியது. இப்படி நான்கு டப்பாக்களை வரிசையாக இணைத்ததும் ஒரு சின்ன எண் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அன்றிரவு சமையலறையில் நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

ஆலையில் இதைச் சொன்னபோது எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “இதுல எத்தனை விளக்கு எரியும்?” அந்தக் கேள்விக்காகவே இந்தக் கடிதம். நுண்ணுயிர்களால் மின்சாரம் உண்டாவதை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாட்டர் 1911லேயே காட்டிவிட்டார். நூறாண்டு கடந்தும் ஒரு கலம் அரை வோல்ட்டைச் சுற்றியே நிற்கிறது. 2007ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லந்துப் பல்கலைக்கழகம், ஃபாஸ்டர்ஸ் பீர் ஆலையின் கழிவுநீரில் 3 மீட்டர் உயரக் குழாய்களை வைத்துப் பார்த்தது. கழிவுநீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தவில்லை, காற்றுப் பக்கத்து மின்வாயிலும் (எங்கள் டப்பாவில் வெளிக்காற்று படும் துணி போன்றது) பாக்டீரியா படலம் தடித்துவிட்டது. கிடைத்த மின்சாரம் சொற்பம். விளக்கை வைத்து அளந்தால் இது ஒருநாளும் தேறாது.

நான் அளக்கச் சொல்வது காற்று ஊதும் இயந்திரமான ப்ளோவரை வைத்து. எங்கள் தொட்டியில் இரவு பகலாகக் காற்று ஊதினால்தான் அங்கிருக்கும் பாக்டீரியா கழிவைத் தின்னும். இந்த முறையில் இயங்கும் சுத்திகரிப்பு நிலையங்களில் செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி காற்று ஊதுவதற்கே போகிறது. அதையும் தாண்டி, நன்றாகத் தின்று பெருகும் பாக்டீரியாக்கள் சேறாகத் தங்கிவிடுகின்றன. அதை லாரி வைத்து அள்ள வேண்டும். மின்கலத்தில் கழிவைத் தின்னும் பக்கத்துக்குக் காற்றே ஆகாது. சேறும் குறைவு. கலம் ஒரு யூனிட்கூடத் தராமல் போகட்டும், ப்ளோவர் பாதி நேரம் ஓய்ந்தாலே எங்களுக்கு லாபம்.

நம் விதிப்படி, பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடும் ஆலை நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைத் தின்ன பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கட்டணம். உளுந்து ஊறல் நீர் இதை வெகு சுலபமாகத் தாண்டிவிடும்.

சாண எரிவாயு போல இதிலும் வாயு எடுக்கலாமே என்பார்கள். உணவுக் கழிவையும் கழிவுநீர்ச் சேற்றையும் சேர்த்து நொதிக்க வைத்து வாயு எடுப்பது இங்கே துவாஸ் நெக்சஸ் என்ற பெரிய கழிவு, கழிவுநீர்த் திட்டத்தின் ஒரு பகுதி. அந்த அளவுக்கு அதுவே சரி. அடுக்குமாடித் தொழிற்கூடத்தில் நாலாம் மாடியில் மீன் உருண்டையோ டோஃபுவோ செய்பவர் வாயுத் தொட்டியை எங்கே வைப்பார்? அவருக்கு அலமாரி அளவில் ஒன்று வேண்டும்.

பொதுப் பயனீட்டுக் கழகமும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சிறு உணவு ஆலைகளில் இதை ஓராண்டு வைத்துப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கழிவுநீருக்குப் பதிலாகக் கலக்கிய அசிட்டேட் கரைசல் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் இரட்டிப்பாக வரும் எங்கள் தண்ணீர், எண்ணெய் மிதக்கும் பலகாரக் கடைத் தண்ணீர், இவற்றில் கார்பன் துணி எத்தனை மாதம் தாங்குகிறது, ப்ளோவர் எத்தனை மணி நேரம் குறைகிறது, சேறு எத்தனை லாரி மிச்சமாகிறது என்று எழுதி வைக்க வேண்டும். துணி மூன்று மாதத்தில் அடைத்துக்கொண்டால் அதையும் மறைக்காமல் சொல்லட்டும்.

எங்கள் ஆலையின் பின்புறம் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே ஆறடி இடம் காலியாக இருக்கிறது. முதலாளியிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் என்றார். ஊறல் நீரை நான் தினமும் பிடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
மாவு ஆலை ஊழியர்,
உட்லண்ட்ஸ்