வசந்தாவுக்கு, டிராயரில் இருக்கும் மனுவைப் பற்றி

அன்புள்ள வசந்தா,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவதாக இருந்தால் கடிதத்தை முடித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. சுகந்தி பெண்ணுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டங்கள் மட்டுமே இரண்டு வரி. வார்டன் அம்மா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பாஸ்கர் அண்ணன் போன் செய்தார். கண் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது என்று விருப்ப ஓய்வுக்கு மனு எழுதி டிராயரில் வைத்திருக்கிறாயாமே. போனில் பேசினால் குறுக்கே எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துத் தப்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். யூனிகோடில், அதாவது கணினி தமிழாகவே படிக்கிற எழுத்தில் தட்டிய வேர்டு கோப்பு இது. பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லாதே. கணினியைப் பேசவிட்டு எப்படி நீயே கேட்பது என்பதுதான் கடிதமே.

முதலில் அந்த மனு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, நான்காவது உட்பிரிவை யாரையாவது எடுத்துக்காட்டச் சொல். பணியில் இருக்கும்போது குறைபாடு வந்த ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவும் கூடாது, பதவியில் இறக்கவும் கூடாது. இப்போதைய இருக்கை ஒத்துவரவில்லை என்றால் அதே சம்பள விகிதத்தில், அதே பலன்களோடு வேறு இருக்கைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு இடம் இல்லை என்றால், இடம் கிடைக்கும்வரையோ ஓய்வு வயது வரையோ, எது முந்தியோ அதுவரை, உபரிப் பணியிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நீயாகவே மனுவை நீட்டிவிட்டால் இந்தப் பிரிவுக்கு அங்கே வேலையே இல்லை. சூப்பிரண்டெண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார் என்பதற்காக ஓய்வூதியத்தில் கைவைப்பாயா?

‘எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படிக்கிறேன், எனக்கு எப்படிச் சான்றிதழ் தருவார்கள்’ என்று கேட்டாயாம். கூர்மை வேறு, பரப்பு வேறு. உனக்கு வந்திருக்கிற ரெடினைட்டிஸ் பிக்மெண்டோசா என்ற விழித்திரை நோயில் முதலில் இருட்டில் தடுமாற்றம் வரும், பிறகு ஓரங்கள் போகும், நடு மட்டும் ரொம்ப நாள் நிற்கும். பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே, 10 டிகிரி வரை இருந்தால் சட்டத்தில் அது குறை பார்வை. 10க்கும் கீழே போனால் பார்வையின்மை. பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் அறிக்கையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடிக்கு விண்ணப்பம் போடு. அலுவலகத்தில் எதைக் கேட்கப் போனாலும் அந்த அட்டைதான் முதலில் வேண்டும்.

இனி கணினி. எழுத்தைப் பெரிதாக்கும் மேக்னிஃபையரை 400 சதவீதத்தில் வைத்து, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து, சாயங்காலம் கழுத்துவலியோடு வீட்டுக்குப் போகிறாய் என்று அண்ணன் சொன்னார். மங்கலாகத் தெரிகிறவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் உதவும். உனக்கு எழுத்து தெளிவாகத்தான் தெரிகிறது, இடம்தான் குறைவு. பப்பாளிக் குழாய் வழியாகப் பார்க்கிறவள் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு சொல்லுக்குப் பதில் அரைச் சொல்தான் உள்ளே வரும். மவுஸ் அம்பைத் தேடியே பாதி நாள் போய்விடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கூச்சத்தைக் குறைக்கும், அதை வைத்துக்கொள். உருப்பெருக்கத்தை விடு. இருக்கிற பார்வையை வேலை செய்யச் செலவழிக்காதே, கற்றுக்கொள்ளச் செலவழி. காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு கண் பார்த்துத் திருத்திக்கொள்ள முடிகிற காலம் இதுதான்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்தான் திரை வாசிப்பான். அதில் ஜாஸ் பழையது, நல்லது, விலை மட்டும் நம் சம்பளத்துக்கு ஒத்துவராது. என்விடிஏ இலவசம். மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலியர் 2006இல் தொடங்கியது. அவருக்கும் பார்வை கிடையாது, அதனால்தான் நம் எரிச்சல்கள் அதற்குத் தெரியும். அதைத் தரும் என்வி ஆக்சஸ் தளத்திலிருந்து இறக்கி நிறுவு. நிறுவும்போதே பேச ஆரம்பித்துவிடும். கணினிக்குள் நுழையும் திரையிலும் பேசும்படி ஒரு தேர்வு இருக்கும், அதை விட்டுவிடாதே. இல்லாவிட்டால் காலையில் கடவுச்சொல் தட்டும் இடத்திலேயே ஊமையாக நிற்கும். பென்டிரைவில் கொண்டுபோகிற நகலும் உண்டு. ஆனால் ‘அனுமதிக்கிறீர்களா’ என்று விண்டோஸ் கேட்கிற பாதுகாப்புத் திரைகளில் அது பேசாது. அலுவலகக் கணினியில் நிறுவித் தரும்படி எழுத்தில் கேள். அதே 20ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, தேவையான வசதியைச் செய்துதரச் சொல்கிறது.

எல்லாக் கட்டளைக்கும் ஒரு தலைமைச் சாவி உண்டு. வழக்கமாக இன்சர்ட். அமைப்பில் கேப்ஸ் லாக்கையும் சேர்த்துக்கொள், இடது சுண்டுவிரலுக்குப் பக்கம். இனி ‘தலைச்சாவி’ என்றால் அதுதான். தலைச்சாவியோடு 1 அழுத்தினால் பயிற்சி நிலை. அதில் எந்தச் சாவியைத் தொட்டாலும் பெயரையும் வேலையையும் மட்டும் சொல்லும், எதையும் செய்யாது. முதல் வாரம் முழுக்க இதிலேயே இரு. எஃப், ஜே சாவிகளில் ஏற்கெனவே மேடு இருக்கிறது. கேப்ஸ் லாக், எஃப்5, டெலீட் மூன்றுக்கும் அடையாளம் வை. ஸ்டிக்கர் பொட்டு ஒரு வாரத்தில் உரிந்துவிடும், எம்-சீலைக் கடுகளவு உருட்டி ஒட்டினால் நிற்கும். எல்லாச் சாவியிலும் ஒட்டிவிடாதே, ஒட்டினால் விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

பயிற்சி நிலையை விட்டு வந்ததும் இந்தக் கடிதத்தைத் திற. தலைச்சாவியும் கீழ் அம்பும் சேர்ந்தால் தொடர்ந்து படிக்கும். வீட்டு மடிக்கணினியில் மடிக்கணினி முறையைத் தேர்ந்திருந்தால் அது தலைச்சாவியும் ஏ-யும். இரண்டு இடத்திலும் ஒரே முறையை வை, விரல் குழம்பாது. கன்ட்ரோல் பேச்சை நிறுத்தும். ஷிஃப்ட் அந்த இடத்திலேயே நிறுத்தி, மறுபடி அழுத்தினால் தொடரும். வெறும் மேல், கீழ் அம்பு வரி வரியாக, கன்ட்ரோலோடு பக்க அம்பு சொல் சொல்லாக, வெறும் பக்க அம்பு எழுத்தெழுத்தாக. ‘எங்கே இருக்கிறேன்’ என்று தொலைந்துபோனால் தலைச்சாவியோடு டி (T) சன்னலின் தலைப்பைச் சொல்லும், தலைச்சாவியோடு டேப் கர்சர் நிற்கும் இடத்தைச் சொல்லும். இந்த இரண்டும் பழகிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

பேச்சின் வேகம்தான் எல்லோரும் சண்டை போடும் இடம். 50இல் ஆரம்பித்து, சலிப்புத் தட்டும்போது மட்டும் ஐந்தைந்தாகக் கூட்டு. ‘புரியவில்லை’ என்று முதல் நாளே 20க்கு இறக்கினால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும், மெதுவாகப் போவதே புரியாமைக்குக் காரணமாகிவிடும். தட்டும்போது எழுத்தைச் சொல்வதா, சொல்லைச் சொல்வதா என்பதற்குத் தலைச்சாவியோடு 2, 3. சாவி பழகும்வரை எழுத்து, பிறகு சொல் மட்டும். இரண்டையும் போட்டுக்கொண்டு தலைவலி என்று எனக்குப் போன் செய்யாதே.

தமிழுக்கு வருவோம், இங்கேதான் உன் அலுவலகம் உன்னைப் படுத்தும். விண்டோஸ் அமைப்பில் மொழி பகுதிக்குப் போய்த் தமிழைப் பேச்சோடு சேர்த்து இறக்கினால் ஒரு ஆண் குரல் வரும். பெயர் வள்ளுவர். இனி சம்பளப் பட்டியலை வள்ளுவரே உனக்கு வாசிப்பார், தமிழ் மிஸ்ஸிடம் சொல்லிப் பெருமைப்படு. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரலிலும் தமிழ் உண்டு. தகரக் குரல்தான், ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் எழுத்து மழுங்காது. ஒரு மாதம் இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய். தமிழ்க் கோப்பு ‘பேசவே இல்லை’ என்றால் முதலில் குரலைப் பார். ஆங்கிலக் குரல் போட்டிருந்தால் தமிழ் வரிகளை முழுங்கிவிட்டுப் போகும்.

பழைய கோப்புகள் வேறு தொல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியவை திரையில் மட்டும்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் ‘அம்மா’ என்று இருந்தால் உனக்குக் காதில் விழுவது ‘எம், கே, செமிகோலன், கே, எச்’. கணினி கெட்டுவிட்டது என்று பயப்படாதே, எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கு. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றாயிற்று, அதனால் இன்னமும் பழைய எழுத்துருவில் அனுப்புகிற செக்‌ஷனுக்கு ஒரு குறிப்பு எழுத உனக்கு எல்லா உரிமையும் உண்டு.

ஸ்கேன் செய்து வரும் சுற்றறிக்கை இன்னொன்று. அது படம், அதில் எழுத்தே இல்லை. தலைச்சாவியோடு ஆர் அழுத்தினால் விண்டோஸ் எழுத்தறிதல் ஓடும், ஆங்கிலத்துக்குச் சரி, தமிழ் அதற்குத் தெரியாது. தமிழ் பிடிஎஃபை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திற, எழுத்தாக மாறும். அட்டவணையும் கையெழுத்துக் குறிப்பும் சிதறும், பத்தி ஓரளவு தேறும். தேதி, தொகை, அரசாணை எண் மூன்றையும் மட்டும் யாரையாவது ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்.

தட்டுவதற்குத் தமிழ்99 விசைப்பலகை. விண்டோஸ் 10இன் 2019 மேம்படுத்தலிலிருந்து உள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். மேடுள்ள எஃப்தான் புள்ளி, ஜேதான் ப. கண் இல்லாமல் தட்ட இதைவிட வசதி வேண்டுமா? தமிங்கிலத்தில் தட்டி மாற்றும் முறையில் பட்டியலிலிருந்து சொல்லைப் பொறுக்க வேண்டிவரும், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று கேட்டால் ஒரு பக்கம் முடிய மதியம் ஆகிவிடும்.

இணையத்தில் டேப்பை மட்டும் தட்டிக்கொண்டு போகாதே, நூறு இணைப்பையும் ஒவ்வொன்றாகச் சொல்லும். எச் தலைப்புக்கு, கே இணைப்புக்கு, இ எழுதும் பெட்டிக்கு, பி (B) பொத்தானுக்கு, டி (T) அட்டவணைக்கு. தலைச்சாவியோடு எஃப்7 தலைப்பு, இணைப்பு, பெட்டி, பொத்தான் இவற்றைப் பட்டியலாகக் கொடுக்கும். இது உலவும் நிலை. பெட்டியில் பெயர் தட்டப் போய் கர்சர் எங்கெங்கோ ஓடினால், நீ இன்னும் உலவும் நிலையில் இருக்கிறாய் என்று அர்த்தம். நீ தட்டிய ஒவ்வொரு எழுத்தும் ஒரு தாவல். என்டர் அழுத்து, இல்லாவிட்டால் தலைச்சாவியோடு ஸ்பேஸ். ஒலி மாறும், பிறகு தட்டு. வெளியே வர எஸ்கேப். புதிதாகக் கற்பவர்கள் அழுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். படத்தில் எழுத்தைக் காட்டிக் கேட்கும் கேப்சா வந்தால் ஒலிப் பொத்தான் இருக்கிறதா பார். இல்லையென்றால் அது அவர்கள் தவறு, உன் கண்ணின் தவறு இல்லை, புகார் எழுது.

எக்செல் உன் பிழைப்பு, அதனால் இதை இரண்டு முறை கேள். செல்லுக்குப் போனால் ‘34,600, எஃப்12’ என்று மட்டும் சொல்லும். அது அடிப்படைச் சம்பளமா பிடித்தமா என்று தெரியாது. தலைப்பு வரிசையின் முதல் செல்லில் நின்று தலைச்சாவி, ஷிஃப்ட், சி அழுத்து. அதற்குப் பிறகு நெடுவரிசை மாறும்போதெல்லாம் அதன் தலைப்பையும் சேர்த்துச் சொல்லும். பெயர் இருக்கும் நெடுவரிசையின் முதல் பெயரில் நின்று சி-க்குப் பதில் ஆர் அழுத்தினால், வரிசை மாறும்போது ஊழியர் பெயரையும் சொல்லும். கோப்போடு சேமித்துவிட்டால் அடுத்த மாதமும் இருக்கும். சூத்திரம் உள்ள செல்லில் சூத்திரம் இருக்கிறது என்பதையும் சொல்லும், அதன்மேல் எண்ணைத் தட்டி அழித்துவிடாதே. அழகுக்காகச் செல்களை இணைத்து வைத்திருக்கிற பட்டியலில் இதெல்லாம் குளறுபடியாகும், அந்த இணைப்புகளைப் பிரித்துவிடு. அழகு யாருக்கு வேண்டும், தணிக்கைக்காரருக்கா?

கடைசியாக, நீ செய்யமாட்டேன் என்று அடம்பிடிக்கப் போகிற ஒன்று. என்விடிஏ அமைப்பில் ‘ஸ்க்ரீன் கர்டன்’ என்று, திரையை மூடும் திரை ஒன்று இருக்கிறது. போட்டால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும், பேச்சு ஓடும். தினம் இருபது நிமிடம் அதைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு நிஜ வேலையைச் செய். ஒரு மின்னஞ்சலுக்குப் பதில், ஒரு விடுப்புக் கணக்கு, அவ்வளவு போதும். திரை தெரிந்தால் கண் முந்திக்கொள்ளும், காது சோம்பேறியாகும். நீ அழுவாய் என்று தெரியும் வசந்தா. அழு. அழுதுகொண்டே அந்த மின்னஞ்சலை முடித்து அனுப்பு. எல்லாம் போன பிறகு ஆரம்பிக்கிறவர்களுக்குச் சாவியைக் கற்பதும் துக்கமும் ஒரே நாளில் வந்து விழுகின்றன. உனக்கு அது வேண்டாம்.

அலுவலகத்தில் ஒரு காதில் மட்டும் இயர்போன் போடு, இன்னொன்று மனிதர்களுக்கு. மீனாட்சியின் வம்பு தவறிவிடக் கூடாதே.

அண்ணனுக்கு என் வணக்கம். பதிலை நீயே தமிழ்99இல் தட்டு, பிழை இருந்தால் இருக்கட்டும். அடுத்த மாதச் சம்பளப் பட்டியலில் பெயர்களை எடுத்துவிட்டு, தலைப்பு அமைத்து எனக்கு ஒரு நகல் அனுப்பு, எங்கே சிக்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
ராஜி

பி.கு: பேச்சு திடீரென்று நின்றால் தலைச்சாவியோடு எஸ் அழுத்திப் பார், தெரியாமல் அணைத்திருப்பாய். அதுவும் இல்லையென்றால் ப்ளூடூத் இயர்போன் பையில் கிடந்துகொண்டு தனியாகப் பேசிக்கொண்டிருக்கும். எதுவும் உதவாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், என். மறுபடி தொடங்கும். அதுவும் செத்திருந்தால் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர், விண்டோஸின் சொந்த வாசிப்பான் நரேட்டர் வரும். அதை வைத்து மற்றதைச் சரிசெய்.