ஊர் வண்டிக்கு தகடு வேணும், பட்டி வேணாம்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி கமிட்டிலேர்ந்து எழுதுறோம். ஊர்ல இருக்கிறவங்க, மோல்மேன், தாட்டன், ரங்கூன்னு போய் உக்காந்தவங்க, மலேசியாவுலயும் தாய்லாந்து மஹாச்சையிலயும் வேலை பாக்குற நம்ம பிள்ளைங்க, எல்லாருக்கும் சேத்துதான் இது.

நம்ம ஊர் வண்டி, அந்த ஹைலக்ஸ் பிக்கப், துரு பிடிச்சிருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், எவ்வளவுன்னுதான் தெரியாது. போன ஞாயித்துக்கிழமை பின்னாடி இருக்கிற பலகையையும் ரப்பர் விரிப்பையும் கழட்டிப் பாத்தோம். வலது பக்க வீலுக்கு மேல உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. டியூஷன் போற வாண்டுங்களுக்கு இது எப்பவோ தெரிஞ்சிருக்கு, அதுக்கு "டிவி"ன்னு பேரு வச்சிருக்குதுங்க, ரோடு ஓடுறது தெரியுதாம், டிவிகிட்ட யாரு உக்கார்றதுன்னு தினமும் சண்டையாம். ஒரு பெரியவங்ககிட்டயும் சொல்லல பாருங்க. செயலாளர் மாமா ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்த ஓட்டைக்கு பக்கத்துல, பெயின்ட் நல்லா இருக்கிற எடத்துல, லேசா குத்தினாரு, பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. டிரைவர் கதவுக்கு கீழ இருக்கிற படியும் அப்படித்தான், கட்டை விரலால அமுக்கினா பிஸ்கெட் மாதிரி உதிருது.

ரெண்டு வருஷம் முன்னாடி இதுக்குத்தானே காசு குடுத்தோம்னு கேப்பீங்க. ஆமா, குடுத்தோம். எந்த ஷாப்புன்னு இங்க வேணாம், அந்த பேச்சு இனிமே எதுக்கு. பட்டியை, அதான் ஓட்டைய மூட பூசற பசையை, சுரண்டினப்போ உள்ளேர்ந்து கசக்கி திணிச்ச பர்மிய பேப்பர் வந்துச்சு, ஓட்டையில பேப்பரை அடைச்சு, மேல கொசுவலை கம்பி வச்சு, அதுக்கு மேல பட்டி போட்டு பெயின்ட் அடிச்சு குடுத்திருக்காங்க. பேப்பர் தண்ணிய குடிச்சுட்டு பஞ்சு மாதிரி ஈரமா உக்காந்திருந்துச்சு. பளபளன்னு இருந்ததும் நாமளும் மாலை போட்டு சூடம் காட்டி கூட்டிட்டு வந்தோம், நம்ம மேலயும் தப்பு இருக்கு.

துரு வெளியேர்ந்து வரல, உள்ளேர்ந்து வருது, இதை புரிஞ்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் புரியும். மோல்மேன் பக்கம் வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல மழை, அந்த படி உள்ளுக்குள்ள குழாய் மாதிரி வெத்தா இருக்கும், தண்ணி வடிய கீழ சின்ன சின்ன துவாரம் உண்டு, சேறு அதை அடைச்சிடுது, அப்புறம் தண்ணி உள்ளயே குடியிருக்கும். வலது பக்கம் மட்டும் ஏன் மோசம்னா, நம்ம பர்மாவுல 1970லேர்ந்து ரோட்டுல வலது பக்கம்தான் ஓட்டுறோம், ஜப்பான் வண்டிக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கம், அதனால ரோட்டோர சேறும் அந்த பக்கம்தான் அடிக்குது, டிரைவர் ஈர செருப்போட ஏறுறதும் அந்த பக்கம்தான். இதுல திஞ்ஜானுக்கு, அதான் பர்மிய புது வருஷத் தண்ணி திருவிழாவுக்கு, மூணு நாள் டிரம்முல தண்ணி ரொப்பிக்கிட்டு ஊரெல்லாம் ஊத்த வண்டிய விட்டது, செட்சே கடற்கரையில மணல்ல இறக்கி நிறுத்தினது, இதெல்லாம் நாமதான். ஒரு தடவை நாப்பி (உப்பு போட்டு புளிக்க வச்ச மீன், இறால் விழுது) கூடை ஏத்தினாங்க (யாருன்னு அவங்களுக்கே தெரியும்), அந்த உப்புத் தண்ணி பலகைக்கு அடியில எறங்கி எவ்வளவு கழுவியும் வாசனை மூணு மாசம் போகல, உப்பு மட்டும் அதுக்கு அப்புறமும் வேலை பாத்துக்கிட்டே இருந்திருக்கு.

நல்ல சேதி என்னன்னா சேஸ், அதான் வண்டிய தாங்குற அடிச் சட்டம், நல்லா இருக்கு. சுத்தியால முழுக்க தட்டிப் பாத்தாச்சு, எங்கயும் பொத்துன்னு சத்தம் வரல, எல்லா எடமும் டங்குன்னுதான். சேஸ் போயிருந்தா இந்த வேண்டுகோளே வந்திருக்காது, மேல் தகடு மட்டும்தான் போயிருக்கு, அதை வெட்டிட்டு புதுசு வச்சு வெல்ட் பண்ணலாம்.

மஹாச்சையில ஏழு வருஷம் டிங்கர் ஷாப்புல வேலை பாத்துட்டு வந்த நம்ம தம்பி ஒருத்தர் செய்யறேன்னு சொல்லிட்டாரு. பாதி கூலி போதும்னாரு. அவரு போட்ட கண்டிஷன் ஒண்ணுதான், பட்டிய வச்சு ஓட்டைய மூட சொல்லக்கூடாது. துரு உள்ள எடத்தை மட்டும் இல்ல, அதை தாண்டி பளிச்சுன்னு நல்ல இரும்பு தெரியற வரைக்கும் வெட்டணுமாம். அப்புறம் அட்டையில அளவு வெட்டி, அதே அளவுக்கு தகடு வெட்டி, மூலைய உருட்டி, பழைய தகடோட ஓரத்துக்கு ஓரம் சேக்கறது. பழசு மேல புதுசை ஏத்தி ஒட்டினா வேலை சீக்கிரம் முடியும், ஆனா ரெண்டுக்கும் நடுவுல தண்ணி நின்னு அங்கேர்ந்து மறுபடி ஆரம்பிக்கும்.

வெல்டிங்கும் ஒரே இழுப்பா இழுக்க முடியாது. தகடு 1 மில்லிமீட்டர்தான், கேட்டுக்கு வெல்ட் அடிக்கிற மாதிரி குச்சி வச்சு அடிச்சா ஓட்டை இன்னும் பெருசாகும், இதுக்கு குச்சிக்கு பதிலா மெல்லிசு ஒயர் தானா வர்ற, கேஸ் வச்ச மிக் வெல்டிங்தான் சரி. இங்க ஒரு புள்ளி, எதிர் பக்கம் ஒரு புள்ளி, ஆற விட்டு மறுபடி ஒரு புள்ளின்னு வச்சு வச்சு புள்ளியெல்லாம் சேந்து கோடாகணும், அவசரப்பட்டா சூட்டுல தகடு அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும். எங்க கண்ணு முன்னாடி ஒரு துண்டுல செஞ்சு காமிச்சாரு, கையகல துண்டுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. அப்புறம் கிரைண்டர் போட்டு தேச்சு விரலை ஓட்டிப் பாக்க சொன்னாரு, எங்க சேத்தாருன்னு தெரியல.

காசு இவ்வளவுன்னு ஏன் போடலன்னா வெல போன வாரம் ஒண்ணு இந்த வாரம் ஒண்ணு, எழுதி முடிக்கிறதுக்குள்ள மாறிடுது. அதனால சாமானா சொல்றோம், முடிஞ்சவங்க சாமானாவே வாங்கி குடுங்க, இல்லன்னா அதுக்கு உண்டான காசு. 4க்கு 8 அடி தகடு, 1 மில்லிமீட்டர், 2 வேணும், ஒண்ணு 14 வீசை (23 கிலோ) கிட்ட இருக்கும், ரெண்டு பேரா தூக்குங்க. கால்வனைஸ் தகடு மலிவா கிடைக்குதுன்னு வாங்கிடாதீங்க, அதுல இருக்கிற துத்தநாகம் எரிஞ்சு வர்ற புகைய இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். வெல்டிங் ஒயர் 0.6 மில்லிமீட்டர், 5 கிலோ ரோல் ஒண்ணு. கேஸ் ஒரு சிலிண்டர் நிரப்பணும். ஜிங்க் பிரைமர், இணைப்புல பூச சீலர், வெளி பெயின்ட், அப்புறம் படிக்குள்ள பீச்சி விடற மெழுகு. மெழுகு எதுக்கு, பழைய எஞ்சின் ஆயிலே போதாதான்னு கூட்டத்துல ஒருத்தர் கேட்டாரு, ஆயில் அடியில இருக்கிற ரப்பர் புஷ்ஷை தின்னுடும், வேணாம். கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாததால ஜெனரேட்டருக்கு டீசலும் வேணும்.

எதுவுமே குடுக்க முடியாதவங்க நல்ல கெட்டி அட்டைப்பெட்டி ரெண்டு குடுங்க, அளவு வெட்ட நெறைய வேணும், அதையும் நோட்டுல எழுதுவோம். நோட்டு பொருளாளர் அக்கா வீட்டு வாசத் திண்ணையிலயே இருக்கும், யாரு வேணாலும் புரட்டிப் பாக்கலாம். வாங்கற ஒவ்வொரு சாமானுக்கும் ரசீது அதுலயே ஒட்டுவோம், வெட்டி எடுத்த பழைய தகடையும் தூக்கி போடாம கோவில் மண்டபத்துல வைக்கிறோம், வந்து பாத்துக்குங்க. இந்த தடவை ஒவ்வொரு துண்டும் வச்சதும் பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புவோம்.

வேலை பங்குனி உத்திரம் முடிஞ்ச மறுநாள் ஆரம்பிக்குது, வைகாசி மழைக்கு முன்னாடி முடிக்கணும், மழைக் காத்துல கேஸ் பறந்துடும், வெல்ட் நிக்காது. அதனால பங்குனி 20க்குள்ள சாமான் கைக்கு வந்துடணும். வெல்டிங் நடக்கிற அன்னிக்கு டேங்க்கை கழட்டி, பேட்டரி ஒயரை எடுத்து வச்சுடுவோம், பக்கத்துல தண்ணி வாளியும் மணலும் வச்சுக்கிட்டு நெருப்புப் பொறி எங்க விழுதுன்னு மட்டும் பாக்க ஒரு ஆள் நிக்கணும், அதுக்கு ரெண்டு தம்பிங்க பேர் குடுங்க. சின்ன பசங்க அந்த பக்கம் வரவே கூடாது, வெல்டிங் வெளிச்சத்தை பாத்தா ராத்திரி கண்ணு எரிஞ்சு தூக்கம் வராது.

இந்த வருஷம் திஞ்ஜானுக்கு வண்டி கிடையாது, கேட்டு வராதீங்க. சித்திரையில கல்யாணத்துக்கு பேர் எழுதி வச்ச மூணு வீட்டுக்காரங்களும் வேற வண்டி பாத்துக்குங்க, மன்னிச்சிடுங்க. ஆஸ்பத்திரி அவசரம், சாவு வீடு, இந்த ரெண்டுக்கு மட்டும் ராத்திரி பகல் எப்ப வேணாலும் செயலாளர் மாமா வீட்டுக் கதவை தட்டுங்க, வாடகை வண்டி பிடிச்சு அனுப்புவோம், காசு கமிட்டி குடுக்கும்.